சக்கரியாவின் எழுதுபலகை

ஆண்டுதோறும் மே மாதம் 12 ஆம் நாள் நெருங்கினால், நம் மருத்துவமனைச் சிற்றாலயங்களிலும் செவிலியர் கல்லூரி அரங்குகளிலும் ஒரே உரை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் கைவிளக்கு முதலில் வரும். தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி அடுத்து வரும். அதன் பின் 'மௌன சேவை', 'பேசாத் தியாகம்', 'வெண்ணுடைத் தேவதைகள்' என்னும் சொற்கள் அணிவகுத்து வரும். உரை முடிந்ததும் செவிலியர் கை தட்டுவர். நிர்வாகத்தார் ஆளுக்கொரு ரோசாப்பூ அளிப்பர். மறுநாள் காலை யாவும் பழையபடியே நடைபெறும். இவ்வுரையை நாமும் பதினொரு முறை நிகழ்த்தியிருக்கிறோம். நம் பழைய குறிப்பேட்டில் அது இன்னும் இருக்கிறது. ஆண்டை மட்டும் திருத்திக்கொண்டு வந்தோம். அவ்வுரையை இவ்விதழின் வாயிலாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். வாசக அன்பர்கள் இதனைப் பணிவு என்று கருத வேண்டியதில்லை. அவ்வுரை தவறானது, அதனினும் மேலாக, நோயாளிக்குக் கேடு செய்வது. ஏன் என்பதைச் சொல்லவே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், குடலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின் நுரையீரலில் தொற்று கண்டு, நகரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். வாய்வழியே மூச்சுக்குழாயினுள் செலுத்திய குழாயோடு செயற்கைச் சுவாசக் கருவி இணைக்கப்பட்டிருந்தது. அக்குழாய் குரல்நாண்களுக்கு இடையே செல்வதால், அது உள்ளே இருக்கும்வரை நோயாளியால் குரல் எழுப்ப இயலாது. ஆனால் அவர் விழித்திருந்தார், யாவும் அறிந்திருந்தார். நோயில்பூசுதல் அருளடையாளம் வழங்க நாம் அழைக்கப்பட்டோம்.

நம்மைக் கண்டதும் அவர் கண்களில் நீர் பெருகிற்று. மனத்துயர் என்று எண்ணினோம். போர்வையின் ஓரத்தில் அவர் வலக்கை விரல்கள் துடித்தன. ஆசீர் வேண்டுகிறார் என்று கொண்டு, அவ்விரல்களைப் பற்றிக்கொண்டோம். தலை இப்படியும் அப்படியும் அசைந்தது. 'அமைதியாயிருங்கள் ஐயா, ஆண்டவர் உங்களோடு இருக்கிறார்' என்று செவியருகே உரக்கச் சொன்னோம். அவர் செவிடர் அல்லர் என்பது அப்போது நம் நினைவுக்கு வரவில்லை. எண்ணெய் பூசி, செபங்களை முழுமையாகச் சொல்லி முடித்தோம். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

முதுநிலைச் செவிலியப் பட்டப்படிப்புக்கான பயிற்சியில் அப்பிரிவில் இருந்த இளம்பெண் ஒருவர், நாம் விலகியதும் அருகே வந்து, ஓர் அட்டையில் தாளைச் செருகி அவர் விரல்களின் கீழே வைத்து, பேனாவை இரு விரல்களுக்கிடையே பொருத்தினார். முதியவர் கோணலாக மூன்றெழுத்து எழுதினார்: 'கட்டு'. பணியிலிருந்த இளம் மருத்துவர் எட்டிப் பார்த்து, அறுவைக் காயத்தின் கட்டைச் சொல்கிறார், மாலையில் மாற்றலாம் என்று கூறி நகர்ந்தார். அப்பெண் மட்டும் போர்வையை விலக்கினார். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று மணிக்கட்டைத் துணிப்பட்டையால் கட்டிலின் கம்பியோடு பிணைத்திருந்தார்கள். கை வீங்கியிருந்தது, பட்டை தோலில் பதிந்து, விரல்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

நாம் பற்றிக்கொண்டு செபித்தது அந்தக் கையைத்தான்.

அப்பெண் பட்டையைத் தளர்த்தினார். மூத்த செவிலியர் விரைந்து வந்து, 'யாரைக் கேட்டு அவிழ்த்தாய்?' என்று நம் முன்னிலையிலேயே கடிந்துகொண்டார். மாலையில் மருத்துவர் குழு வந்தபோது, நோயாளி எழுதிய தாளை அப்பெண் நீட்டினார். தலைமை மருத்துவர் அதனை வாங்கவில்லை. கருவியின் எண்களைப் பார்த்தார், மருந்துகளைச் சொன்னார், அடுத்த கட்டிலுக்குச் சென்றார். அம்மருத்துவமனையை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அங்கே நடந்தது அங்கே மட்டும் நடப்பதும் அன்று.

ஆசிரியர் பிழைத்தார். மூன்று வாரங்களுக்குப் பின் வீட்டுக்குச் சென்று அவரைக் கண்டோம். காபி கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "சாமி, நீங்க செபம் சொல்லச் சொல்ல நான் கத்திக்கிட்டே இருந்தேன். ஒருத்தருக்கும் கேக்கல." அவர் குரலில் கோபம் இல்லை. மாணவன் விடைத்தாளைத் திருத்திக் கொடுப்பவரைப் போலச் சொன்னார்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் நம்மைப் போன்ற ஒரு குரு இருக்கிறார். கோவிலில் தூபம் காட்டச் சென்ற சக்கரியா பேச்சிழந்து திரும்பினார். குழந்தைக்குப் பெயரிடும் நாளில் உறவினர்கள் அவரிடம் சைகையால் கேட்டதாக லூக்கா எழுதுகிறார். பேச இயலாதவரிடம் இவர்கள் ஏன் சைகை காட்ட வேண்டும்? லூக்கா ஆளும் 'கோஃபோஸ்' என்னும் கிரேக்கச் சொல் ஊமையையும் குறிக்கும், செவிடையும் குறிக்கும் என்று குருமடத்தில் பாடம் கேட்டோம். அவர் செவிடாகவும் ஆகியிருந்தார் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. இருக்கலாம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று பார்த்தவர்க்கு வேறொன்றும் தோன்றும். வாய் பேசாதவரிடம் மனிதர் எப்போதும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். கத்துகிறார்கள், கை ஆட்டுகிறார்கள், அவருக்குப் பதிலாகத் தாங்களே பேசுகிறார்கள். அவ்வீட்டிலும் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே வைத்துவிட எல்லாரும் ஆயத்தமாய் இருந்தார்கள். சக்கரியா எழுதுபலகை கேட்டார். யாரோ ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அவர் யாரென்று நற்செய்தி சொல்லவில்லை. நமக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டு.

பயிற்சிப் பெண் சில மாதங்களுக்குப் பின் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். தாம் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சில ஆய்வுக் கட்டுரைகளின் படிகளைக் கொடுத்தார். "ஃபாதர், நான் அன்னைக்கு இரக்கப்பட்டுச் செய்யல. படிச்சதைத்தான் செஞ்சேன்" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. ஏனெனில் அவருடைய இரக்கத்தை வைத்து அடுத்த ஆண்டு மறையுரையை மனத்துள் எழுதிவைத்திருந்தோம்.

அவர் தந்த கட்டுரைகளுள் முதன்மையானவை மேரி பெத் ஹேப் என்னும் அமெரிக்கச் செவிலிய அறிஞருடையவை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் குரல் இழந்து கிடக்கும் நோயாளிகளுக்கும் செவிலியருக்கும் இடையே உண்மையில் என்ன பரிமாறப்படுகிறது என்பதை அவரும் அவருடைய குழுவினரும் காணொளியில் பதிந்து, ஒவ்வொரு பரிமாற்றமாக எண்ணினார்கள். 2011 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் செவிலியர் 10 பேர், நோயாளிகள் 30 பேர். பரிமாற்றங்களுள் 86 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றைத் தொடங்கியவர் செவிலியரே. அதாவது, நோயாளி விடை சொல்பவராகவே இருந்தார்; கேள்வி அவருடையதாக இல்லை. வலியைப் பற்றிய பரிமாற்றங்களுள் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தோல்வியில் முடிந்தன. செவிலியரோடு நடந்த உரையாடல் அமர்வுகளில் 40 விழுக்காடு ஓரளவேனும் கடினமாகவோ மிகக் கடினமாகவோ இருந்ததென நோயாளிகள் மதிப்பிட்டனர். பேனா, தாள், எழுத்துப் பலகை போன்ற எளிய துணைப்பொருள்களோ ஏறத்தாழப் பயன்படுத்தப்படவே இல்லை.

இது பணவசதி மிக்க நாட்டின் பெரிய மருத்துவமனையில் கண்டது என்பதை வாசகர் மறக்கலாகாது. கருவிகளுக்கு அங்கே குறைவில்லை. பேனாவுக்குக் குறைவு இருந்தது.

ஹேப் அதோடு நிற்கவில்லை. குறைகளைப் பட்டியலிட்டுவிட்டு மாநாட்டில் விருந்துண்டு திரும்பும் ஆய்வாளர் பலரை நாம் அறிவோம். இவர் இரண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு, மூன்று கட்டமாகச் சோதனை நடத்தினார். முதற்கட்டத்தில் வழக்கமான பராமரிப்பு. இரண்டாவதில் செவிலியருக்கு உரையாடல் பயிற்சியும் எழுதுபொருள்களும் பலகைகளும். மூன்றாவதில் அவற்றோடு மின்னணுத் துணைக்கருவிகளும் பேச்சு மொழி வல்லுநரின் ஆலோசனையும். நோயாளிகள் 89 பேர், செவிலியர் 30 பேர். முடிவுகள் 2014 ஆம் ஆண்டு வெளியாயின. பயிற்சி பெற்ற கட்டங்களில், வலியைப் பற்றிய பரிமாற்றங்கள் இரு பிரிவுகளிலும் கூடுதலாக வெற்றி பெற்றன. மூன்றாம் கட்ட நோயாளிகள், பேசுவது மிகக் கடினம் என்று சொன்னது குறைந்தது. ஆனால் செவிலியரின் நடத்தையிலேயே தெளிவான மாற்றம் இரண்டு பிரிவுகளுள் ஒன்றில் மட்டும் காணப்பட்டது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது. பயிற்சி ஒன்றேயாயினும் இடத்துக்கு இடம் விளைவு வேறுபடுகிறது. அச்சடித்த கையேட்டைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்கட்டும்.

இனி நம் வழக்குக்கு வருவோம். நம் மருத்துவமனைகளில் 'நோயாளியோடு அன்பாகப் பேசுக' என்னும் அட்டைகள் சுவரெங்கும் தொங்குகின்றன. அன்பு போதும், பேச்சு தானே வரும் என்பது அவற்றின் உட்பொருள். இதை மறுக்கிறோம். அன்று அக்கட்டிலருகே நமக்கு அன்பு குறைவாக இருந்ததா? இல்லை. ஊசி குத்த நரம்பைக் கண்டறிவது எவ்வாறு கற்றுத் தேரவேண்டிய திறனோ, அவ்வாறே குரலற்றவரின் சொல்லைக் கண்டறிவதும் கற்றுத் தேரவேண்டிய திறன். ஆம் அல்லது இல்லை என்பதற்கு ஓர் உறுதியான அடையாளத்தை முதலில் நோயாளியோடு வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வியே கேட்க வேண்டும். கண்ணாடி அணிபவருக்குக் கண்ணாடியையும் செவிக்கருவி வைப்பவருக்கு அக்கருவியையும் மாட்டிவிட வேண்டும். விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். எவ்வளவு சிறியவை! இவற்றுள் ஒன்றையும் நாம் அன்று செய்யவில்லை. குருமடத்தில் நமக்குக் கற்பித்த அறநெறி இறையியல், பேச இயலாதவர் சைகையாலோ எழுத்தாலோ பாவ அறிக்கை செய்யலாம் என்று கூறுகிறது. அவருடைய பாவங்களைக் கேட்க வழி வகுத்துக்கொண்ட நாம், அவருடைய மணிக்கட்டைக் கேட்க வழி வகுக்கவில்லை.

நைட்டிங்கேல் அம்மையாரும் இவ்வகையில் நமக்குச் சாட்சி அல்லர், எதிர்ச்சாட்சி. 1859 இல் வெளிவந்த அவருடைய செவிலியக் குறிப்பு நூலில், நோயாளியைக் காண வந்து வெற்று ஆறுதலையும் வேண்டாத அறிவுரையையும் கொட்டிவிட்டுப் போவோரைக் கண்டிக்க ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அதைப் படித்தபோது நம் அங்கியின் நிறம்கூட அவருக்குத் தெரிந்திருந்ததோ என்று தோன்றிற்று. கிரிமியப் போருக்குப் பின் படைவீரரின் சாவுகளைப் புள்ளிவிவரமாகவும் வண்ணப் படமாகவும் ஆக்கி, ஆட்சியாளரிடம் ஓயாது வாதாடியவர் அவர். அவரையா நாம் மௌனத்தின் பாதுகாவலராக்கினோம்!

'நேரம் எங்கே?' என்பர். இது நேர்மையான கேள்வி, செவிலியர் கேட்டால். ஒருவர் கையில் பதினைந்து நோயாளிகளை ஒப்படைத்த நிர்வாகி கேட்டால், அது கேள்வியன்று, தப்பித்தல். பென்சில்வேனிய மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு பலரும் அறிந்ததே: அறுவைப் பிரிவில் செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போது, நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. நம் நாட்டில் 2012 ஆம் ஆண்டு சென்னையிலும் கேரளத்திலும் தனியார் மருத்துவமனைச் செவிலியர், குறைந்த ஊதியத்தையும் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் வழக்கத்தையும் எதிர்த்து வெளியே வந்து நின்றார்கள். அப்போது நம்மிடையே சிலர், தேவதைகள் சம்பளம் கேட்கலாமா என்று மனம் புண்பட்டார்கள். மெழுகுவர்த்தி உரையின் பயன் எதற்கென்று அன்று விளங்கிற்று. உருகுவது மெழுகின் இயல்பு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அதன்பின் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

இனி, இதைவிட வலிய மறுப்பு ஒன்று உண்டு. நமக்கு நண்பரான அறுவை மருத்துவர் ஒருவரே அதை எழுப்பினார். 'கப்பலுக்கு ஒரு மாலுமி; ஆளுக்கொரு சொல் சொன்னால் நோயாளி மூழ்குவார்' என்றார். மருத்துவரின் பொறுப்பு பெரிது என்பதை மறுக்கவில்லை. நள்ளிரவில் எழுப்பப்படுபவரும், நீதிமன்றத்தில் நிற்பவரும் அவரே. ஆயினும் அமைதியான கப்பல் பத்திரமான கப்பலா என்பதே கேள்வி.

1966 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹோஃப்லிங் என்னும் மனநல மருத்துவரும் குழுவினரும் ஒரு சோதனை செய்தனர். செவிலியர் முன்பின் அறியாத 'மருத்துவர்' ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பட்டியலில் இல்லாத ஒரு மருந்தை, குப்பியில் எழுதியிருந்த உச்ச அளவைப்போல் இருமடங்கு கொடுக்கச் சொன்னார். 22 செவிலியருள் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டனர்; வழியில் தடுத்து நிறுத்தப்பட்டனர். அறியாமையா? அவர்களால் குப்பியைப் படிக்க முடியும். கேட்கக் கூடாது என்பதையே அதனினும் நன்றாகப் படித்திருந்தார்கள். மறு ஆண்டில் லியோனார்டு ஸ்டைன் என்னும் மருத்துவர், செவிலியர் தம் கருத்தைச் சொல்லியும் சொல்லாதவர்போல் இருக்க வேண்டும், மருத்துவர் அதனைப் பெற்றும் தமதே போல் ஆணையிட வேண்டும் என்னும் நாடகத்தை 'மருத்துவர்–செவிலியர் விளையாட்டு' என்று பெயரிட்டு எழுதினார். நம் மருத்துவமனைகளில் சுற்றிவரும் எவரும் இதனைக் காணலாம். 'டாக்டர், ஐயா ராத்திரி எல்லாம் தூங்கல போலிருக்கு' என்று செவிலியர் சுவரைப் பார்த்துச் சொல்வதன் பொருள், மருந்தை மாற்றுங்கள் என்பதாகும்.

விளையாட்டு தோற்றால் என்ன ஆகும்? கனடாவின் வினிப்பெக் நகரில் 1994 ஆம் ஆண்டு, இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள் 12 பேர் இறந்தனர். அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சையிலும் இருந்த செவிலியர் தங்கள் ஐயங்களைச் சொன்னார்கள்; அவை பொருட்படுத்தப்படவில்லை. நீதிபதி மர்ரி சின்கிளேர் நீண்ட விசாரணைக்குப் பின் 2000 ஆம் ஆண்டு அறிக்கை அளித்தபோது, செவிலியர் குழுவின் முழு உறுப்பினராக மதிக்கப்படவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்தார். அக்கப்பலிலும் மாலுமி ஒருவர்தாம் இருந்தார்.

அமெரிக்கச் செவிலிய அறிஞர் ஜூடித் பேக்ஸின் ஆய்வையும் நண்பருக்குக் காட்டினோம். நோயாளியைத் தீவிர சிகிச்சையிலிருந்து வெளியே மாற்றலாமா என்னும் ஒரே முடிவை எடுத்துக்கொண்டு, அதில் மருத்துவரும் செவிலியரும் எவ்வளவு கலந்து பேசினர் என்று இருவரிடமும் தனித்தனியே கேட்டார் அவர். கலந்து பேசவே இல்லை என்று செவிலியர் சொன்ன இடங்களில், நோயாளி இறக்கவோ மீண்டும் தீவிர சிகிச்சைக்குத் திரும்பவோ கூடிய வாய்ப்பு 16 விழுக்காடாகக் கணிக்கப்பட்டது; முழுமையாகக் கலந்து பேசினோம் என்ற இடங்களில் 5 விழுக்காடு. 1992 ஆம் ஆண்டு இது வெளிவந்தது. மருத்துவர்கள் 'கலந்து பேசினோம்' என்று சொன்னதற்கும் நோயாளியின் நிலைக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. நண்பர் இதை இருமுறை படித்தார். 'நாங்கள் எப்போதும் கலந்து பேசிவிட்டதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். பங்குப் பேரவையில் கலந்து பேசிவிட்டதாக எத்தனை முறை நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது நம் நினைவுக்கு வந்தது. ஆனால் அது வேறு கட்டுரை.

செவிலியருக்கு அவ்வளவு படிப்பு ஏது என்று கேட்போர் இன்னும் இருக்கிறார்கள். வேலூரில் 1946 ஆம் ஆண்டிலேயே செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். குறைவு படிப்பில் இல்லை. ஹில்டகார்டு பெப்லாவ் என்னும் அமெரிக்கச் செவிலியர், நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் நெஞ்சம் என்று விளக்கும் நூலை 1948 இல் எழுதி முடித்தார். அது அச்சேறியது 1952 இல். மருத்துவர் ஒருவரின் பெயர் உடன் இல்லாமல் ஒரு செவிலியர் நூல் வெளியிடுவது அந்நாளில் அத்துமீறலாகத் தோன்றிற்றாம். நோயாளி சொன்னதையும் தாம் சொன்னதையும் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்க்க மாணவியரைப் பழக்கியவர் அவர். கேட்பதைக் கற்பித்த பெண்ணைக் கேட்க உலகுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

நம் திருச்சபைக்கு இதில் சொந்தமான கடன் ஒன்று இருக்கிறது. 1957 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருத்துவர்களுக்கு உரையாற்றினார். செயற்கைச் சுவாசக் கருவிகள் பரவத் தொடங்கிய காலம் அது. மருத்துவருக்கு நோயாளியைக் கடந்த தனியுரிமை ஏதுமில்லை, நோயாளியின் வெளிப்படையான அல்லது உள்ளார்ந்த இசைவோடுதான் அவர் செயற்பட முடியும் என்பது அவ்வுரையின் கருத்து. நம் அறநெறி ஆசிரியர்கள் இதனை மனப்பாடமாகக் கற்பித்தனர். மனம் ஒப்பிப் படித்தோம். ஆனால் குழாய் வைத்த வாயால் அந்த இசைவை எப்படித் தெரிவிப்பது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. தேர்வில் அது வரவும் இல்லை. அறநெறிக் கொள்கை உரோமையிலிருந்து வந்துவிட்டது, பேனா வரவில்லை. குழாயை எடுக்கலாமா, மறுபடி அறுவை செய்யலாமா என்று உறவினரை வராந்தாவில் நிறுத்திக் கேட்கிறோம். உள்ளே விழித்துக் கிடப்பவரை விட்டுவிடுகிறோம். இது கூட்டுப் பராமரிப்பா? கூட்டத்தில் முதல் ஆள் வரவில்லையே!

துறவற இல்லங்களில் மௌனத்துக்கு ஓர் இடம் உண்டு. அது செவி திறப்பதற்கான மௌனம். அதை எடுத்து, பிறர் வாயை அடைக்கும் துணியாக நாம் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தோம். கீழ்ப்படிதலுக்கு வார்த்தைப்பாடு கொடுத்த அருட்சகோதரியும், மாதச் சம்பளத்துக்கு வந்த இளம்பெண்ணும் ஒரே மறையுரையால் அடக்கப்பட்டனர். அன்று தன் இளையவளைக் கடிந்த மூத்த செவிலியரை நாம் குறை சொல்லவில்லை. அவரும் ஒரு காலத்தில் நம் உரையைக் கேட்டுக் கை தட்டியவராக இருக்கக்கூடும்.

இனி பலகையைப் பற்றி. ஆங்கிலத்தில் 26 எழுத்தை ஓர் அட்டையில் எழுதிவிடலாம். நமக்கோ 247. எல்லாவற்றையும் எழுதினால் அட்டை கட்டிலைவிடப் பெரிதாகும். நோயாளிக்குத் தலை சுற்றும். அப்பெண் ஒரு வழி கண்டார். மேலே உயிர் பன்னிரண்டு, கீழே மெய் பதினெட்டு. நோயாளி மெய்யைத் தொட்டுவிட்டு உயிரைத் தொட்டால் உயிர்மெய் ஆயிற்று. தொட இயலாதவருக்குச் செவிலியர் வரிசை வரிசையாக விரல் வைத்துச் செல்ல, அவர் கண்ணை மூடித் திறந்து நிறுத்துவார். ஓரத்தில் வலி, தண்ணீர், மூச்சு, சளி, பயம், வீட்டார் என்று சில சொற்கள். கூடவே ஓர் உடம்புப் படம். முதல் அட்டையை நம் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நோயாளிக்கு ஞ எதுக்கு சாமி, ங எதுக்கு? கடைசில தள்ளுங்க. ஜ போடுங்க, என் பேத்தி பேருல இருக்கு" என்றார். சிவப்பு மையால் திருத்தியும் கொடுத்தார். சொல் வரிசையில் அவர் சேர்த்தது ஒன்றே: 'கட்டை அவிழ்'.

நம் பங்கு இளையோர் நாற்பது அட்டைகள் அச்சிட்டனர். ஒரு சிறு மருத்துவமனை எட்டு அட்டைகளை வாங்கிக் கட்டிலுக்கு ஒன்றாக மாட்டியிருக்கிறது. ஆசிரியர் கிடந்த அதே மருத்துவமனைக்குப் பத்து அட்டைகளோடு விண்ணப்பம் எழுதினோம். துடைத்துச் சுத்தம் செய்ய இயலாத பொருளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிப்பதற்கில்லை என்று பதில் வந்தது. நியாயமான காரணம்தான். நெகிழித் தாளில் பொதிந்து மறுபடியும் அனுப்பியிருக்கிறோம்.